அடுப்புச் சூட்டில் தைத்த சட்டை

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடிவிட்டதடா! பழைய தீயணைப்பு உருளை, தையல் மெஷின் சக்கரம், கீழே ஒரு அடுப்பு, அவ்வளவுதான். காற்று சூடாகி விரிந்தால் பிஸ்டனைத் தள்ளுகிறது, ஆறினால் இழுத்துக்கொள்கிறது. முழங்கால் போய் மிதிக்க முடியாமல் தொழிலை விட்டிருந்தாளே எதிர்வீட்டுத் தையல்காரி, நேற்று தன் மெஷினை இதில் மாட்டித் தலையணை உறை தைத்தாள். முடித்ததும் ஒரே அழுகை. “அழாதடி, பெல்ட்டு நனையுது” என்றேன்.

ஏப்ரலில் நடக்கும் கண்டுபிடிப்புக் கண்காட்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வருவாய்தானே?

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. தானாகவே சுற்றும் சக்கரம் என்று ஒன்றைச் செய்து, அப்பாவும் அன்று அதே கண்காட்சிக்குத்தான் கொண்டுபோனார். மூன்று சுற்றில் நின்றது. கூட்டம் சிரித்த சிரிப்பில், அவர் பிள்ளை என்று சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. இந்த முறை நடுவராக வருபவர் என் மேலதிகாரி. மெஷின் ரிப்பேர் பார்க்கும் உனக்கு இது எதற்கு? கோபித்துக்கொள்ளாதே. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடு.

உன் தம்பி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

கண்காட்சி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். “உங்க வீட்டு ஆளே வேணாம்னு எழுதியிருக்காரும்மா” என்று குமாஸ்தா கடிதத்தை நீட்டினார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

நான் திரும்பவில்லை. கேட்டுக்கு வெளியே, நடைபாதையிலேயே அடுப்பை மூட்டினேன். தையல்காரி சட்டைக்கு வெட்டிவைத்த துணியை விரித்து உட்கார்ந்தாள். உள்ளே இருந்த கூட்டம் மெல்ல வெளியே வந்தது. கடைசியில் உன் மேலதிகாரியும் வந்தார்.

“மோட்டாரை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்க?”

“தேடிக்கிட்டே இருங்க சார். சட்டை முடிஞ்சதும் கழட்டிக் காட்டறேன்.”

மனிதர் குனிந்து மேஜைக்கடியில் கைவிட்டுத் துழாவினார். ஒரு மணி நேரம் ஓடியது. சட்டை முடிந்ததும், ஆறவைத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். திரும்பப் பூட்டி ஓட்டினேன். “உள்ள கொண்டு வாங்க, இடம் தர்றேன்” என்றார். “வேணாம் சார், இங்கதான் காத்து நல்லா வருது” என்றேன்.

அப்பாவின் சக்கரம் நிற்கும் என்று எனக்கும் தெரியும். தீ இல்லாமல் எதுவும் ஓடாது. ஆனால் அன்று அவர் தலைநிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தார். குனிந்து வந்தது நீ.

அந்தச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். உன் அளவுதான். நடுவில் பெல்ட் வழுக்கியதால் இடது கையில் தையல் கோணல். பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க முடிந்தால் எனக்கு எழுது. முடியாவிட்டால் எழுதாதே. எனக்கு வேலை கிடக்கிறது. அடுத்த என்ஜினுக்கு இரண்டு உருளை.

அக்கா