ஸ்டிக்கருக்குக் கீழே ஒரு குண்டூசித் துளை

செல்வம் அண்ணா, என் பொறுமைசாலி அண்ணா,

நாளை மறுநாள் மணியம் வருகிறார். மலேசியாவில் எட்டு வருஷம் உன்னோடு ஒரே அறையில் இருந்த அதே மணியம்தான். மகளைப் பெங்களூரில் டாக்டர் படிப்பில் சேர்க்க வந்திருக்கிறாராம். "செல்வம் போனதே போன மாசந்தான் தெரியும். வீட்டுக்கு வந்து படத்தக் கும்பிட்டுப் போகலாமா தங்கச்சி?" என்று போனில் கேட்டார். வாங்க என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுகிறேன், அடுப்பில் வைத்த பாலை மறந்துபோகிறேன்.

எதைச் சொல்ல, எப்படிச் சொல்ல? உன்னிடமே சொல்லாததை அவரிடம் சொல்ல வேண்டும்.

நீ ஊர் திரும்பிய வருஷம் நினைவிருக்கிறதா? வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்தே கார மக்காச்சோளப் பாக்கெட்டுகளை வரவழைத்து இங்கே விற்கப் போகிறேன் என்றாய். "உருளைக்கிழங்கு சிப்ஸ் திங்கிற ஊரு, சோளத்த விட்டுடுமா விஜி?" என்றாய். அங்கே பாக்கெட் கட்டும் பிரிவுக்கு மணியம்தான் பொறுப்பு. அவர் கண் பார்த்துத்தான் நம் பெட்டிகள் கப்பல் ஏறின.

சென்னைக் கிடங்கில் நீ பிரித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தன. லாரியில் ஏற்றி ஒசூர் வழியாகப் பெங்களூருக்கு, நம் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்து திறந்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் தலையணை மாதிரி உப்பியிருந்தது. காக்ஸ் டவுன் மளிகைக் கடை ஷெட்டி ஒன்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இது கெட்டு ஹோகிதே செல்வம். உள்ள கேஸ் கட்டிருக்கு. நன்கே பேடப்பா." அன்றைக்கு ஏறி இறங்கிய எல்லாக் கடையிலும் எனக்கு வேண்டாம் என்ற இதே பதில்தான்.

மணியத்துக்குப் போன் போட்டாய். மேலதிகாரிகளைக் கேட்டுச் சொல்கிறேன், நாலு நாள் பொறு என்றார். நீ பொறுத்தாய். கிடங்குக் கணக்கை முடிக்கச் சென்னைக்குக் கிளம்பும்போது, "ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வை, வேற எதுவும் பண்ணாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய். வெளிநாட்டுச் சரக்கில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, விலை அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தாக வேண்டும் அல்லவா. அது என் வேலை.

எனக்கு எங்கே அண்ணா பொறுமை? ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தின்று பார்த்தேன். மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது. காற்றுதான் தொந்தரவு, காற்றை எடுத்துவிட்டால் ஷெட்டி வாங்கிக்கொள்வார் என்று தோன்றியது. குண்டூசியை எடுத்தேன். ஒரு குத்து, மெல்ல ஓர் அமுக்கு, துளையின் மேலே ஒரு ஸ்டிக்கர். இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நீ வந்து பார்த்துவிட்டு, "என்னடி, எல்லாம் சப்பையா இருக்கு?" என்றாய்.

"தானா அடங்கிடுச்சுண்ணா" என்றேன்.

ஷெட்டி சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். மற்ற கடைகளும் வாங்கின. அதற்கப்புறம்தான் மணியத்தின் போன் வந்தது. "உங்க ஊரு மேட்டுல இருக்குப்பா. மேல ஏற ஏற உள்ள இருக்கிற காத்து விரியும், அவ்வளவுதான். சரக்குல ஒரு குறையும் இல்ல." அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அது மழை மாசம். காகித ஸ்டிக்கர் துளையை மறைக்கும், ஈரத்தைத் தடுக்குமா? ஒரே வாரத்தில் எல்லாம் நமுத்துப்போய்த் திரும்பி வந்தன. கடைசியில் ஆனேக்கல் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் அள்ளிக்கொண்டு போனார். கார வாசனைக்கு மாடுகள் தும்முகின்றன என்று அவர் வந்து சொன்னபோது நீ சிரிக்கவில்லை. உள்ளே போய் மணியத்துக்குக் கடிதம் எழுதினாய். "ஒரே தட்டில் சாப்பிட்ட எனக்கே வாய் சரியாக ஒட்டாத பாக்கெட்டை அனுப்பிவிட்டாயே." தபால் பெட்டியில் போட என்னிடம்தான் கொடுத்தாய். நானும் போட்டேன்.

அவர் பதில் எழுதவில்லை. நீயும் அவர் பேரை மறுபடி எடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய்.

இப்போது நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிறேன். சோளப் பாக்கெட்டுக்கென்றே தனி வரிசை இருக்கிறது, அத்தனையும் உப்பித்தான் இருக்கின்றன. உப்பியிருந்தால்தான் புதுச் சரக்கு என்று ஜனங்கள் அமுக்கிப் பார்த்து எடுக்கிறார்கள். அந்த வரிசையை மட்டும் நான் கடைசியில்தான் அடுக்குகிறேன்.

அவர் வருகிறாரே என்று நேற்று உன் மலேசியப் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். சட்டைகளுக்கு அடியில் நம் பாக்கெட் ஒன்று இருந்தது. ஸ்டிக்கரைக் கிழியாமல் பக்குவமாக உரித்து, பக்கத்திலேயே வைத்திருந்தாய். துளை பளிச்சென்று தெரிந்தது.

எப்போது பார்த்தாய் அண்ணா? கடிதம் எழுதும் முன்னாலா, பின்னாலா? முன்னாலேயே என்றால், எனக்காகவா மணியத்தை விட்டுக்கொடுத்தாய்? பின்னால் என்றால், ஏன் என்னைக் கூப்பிட்டு ஓர் அறை விடவில்லை? என்னை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியிருந்தால்கூட இன்றைக்கு நிம்மதியாக இருப்பேனே. நேற்றிலிருந்து அந்தப் பாக்கெட்டை எத்தனை முறை எடுத்து எடுத்து வைத்தேனோ, எனக்கே தெரியாது. ஒரு முறை, அந்த ஸ்டிக்கரைத் துளையின் மேல் வைத்தும் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. பசைதான் காய்ந்துவிட்டது. வீட்டில் கோந்து இருக்கிறதா என்று ஒரு கணம் தேடினேன் அண்ணா, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மணியம் உன் படத்தைக் கும்பிடுவதற்கு முன்னால் அந்தப் பாக்கெட்டை அவர் கையில் கொடுப்பேன். அவர் கட்டி அனுப்பியதில் குறையில்லை என்றும், குத்தியது நான் என்றும் சொல்வேன். அதன் பிறகு கும்பிடுவதா, திரும்பிப் போவதா என்று அவர் முடிவு செய்யட்டும். ஸ்டிக்கர் உன் படத்துக்குக் கீழேயே கிடக்கும். இனி அதை எதன் மேலும் ஒட்ட மாட்டேன்.

நீ பொறு என்றபோது பொறுக்காத,
உன் கூடப்பிறந்த தங்கை
விஜி