வானொலி ஓடும்போது எழுந்து நிற்காத வகுப்பு

அனுப்புநர்
இ. கமருன்னிஸா, எம்.ஏ.,
பள்ளிவாசல் தெரு, ஆலங்கரை,
மன்னார்குடி வழி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
பாமணிக்கரை ஊராட்சி ஒன்றியம்.

பொருள்: ஆலங்கரை ஊராட்சிக் கணினி அறையின் சாவியையும் இணைய இணைப்பையும் ஆங்கில வகுப்புக்குத் திரும்பத் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வேலைக்காகவோ கணவரிடமோ வெளிநாடு செல்லவிருக்கும் பெண்களுக்கு, ஊராட்சி மன்றத் தீர்மானப்படி, மேற்படி அறையில் ஊதியமின்றி ஆங்கில வகுப்பு நடத்தி வந்தேன். சென்ற வாரம் ஆய்வுக்கு வந்த அலுவலர், வகுப்பு நடைபெறவில்லை என்றும், பாட்டுப் போட்டுவிட்டு அனைவரும் உறங்குகின்றனர் என்றும், தம்மைக் கண்டும் எவரும் எழவில்லை என்றும் அறிக்கை அளித்துள்ளார். மறுநாளே இணைப்பு துண்டிக்கப்பட்டது. சாவியும் பெறப்பட்டது.

2. அவர் கண்டதில் பொய்யில்லை. சன்னல்கள் சாத்தியிருந்தன. எல்லோரும் கண்களை மூடியிருந்தார்கள், நான் உட்பட. ஆனால் நாங்கள் உறங்கவில்லை.

3. எங்கள் பெண்களுக்கு ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் தெரியும். அந்நியர் ஒருவர் வாய் திறந்தால்தான் எல்லாம் கலைந்துபோகிறது. கேட்டுப் பழக இங்கே ஆளில்லை என்பதால் இணையத்தில் வரும் வெளியூர் வானொலிகளைக் கேட்க வைத்தேன். இவ்வழி எனக்குத் தோன்றக் காரணம் என் கணவர். அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். தொலைபேசியில் எப்போதும் நலம் என்றே சொல்வார். என் வீட்டில் இணைப்பு இல்லை. கணினி அறையில் அமர்ந்து அவ்வூர் வானொலியைக் கேட்பேன். அங்கே மூடுபனி, பாலத்தில் வண்டிகள் நகரவில்லை என்று அதுதான் எனக்குச் சொல்லும். கண்ணை மூடினால் பனி தெரியும். சற்றுப் பொறுத்தால் அந்த வண்டி வரிசையில் அவரும் தெரிவார்.

4. என் மாணவி ஷோபனா, குத்தகை விவசாயி துரைராசுவின் மகள், செவிலியர் படிப்பு முடித்தவர். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவருக்கு வேலை தரச் சம்மதித்திருக்கிறது. ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வில் மட்டும் தவறிவிட்டார். மறுதேர்வு வரும் நவம்பர் 10ஆம் நாள். அதிலும் தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

5. ஆகவே அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சிற்றூர் வானொலியைக் கேட்டு வந்தோம். அங்கே நண்பகலாகும்போது இங்கே மாலை. நடவுக்குப் போனவர்கள் காலில் சேற்றைக் கழுவிவிட்டு வந்து அமர்வார்கள். முதலில் மெல்லப் பிடில் ஒலிக்கும். பிறகு அவ்வூரில் இறந்தவர்களின் பெயர், தெரு, அடக்கம் செய்யும் நேரம் ஆகியவற்றை ஒருவர் நிதானமாக வாசிப்பார், எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தி சொல்வதைப் போலவே. ஷோபனாவுக்கு முதன்முதலில் முழுதாகப் புரிந்தது அதுதான். "மாலை எதுவும் வாங்கிட்டு வர வேணாங்கறாங்க டீச்சர்" என்று கண் திறக்காமலே சொன்னார். சிங்கப்பூர் செல்லவிருக்கும் வள்ளியம்மை, சாவுச் செய்தி வாசிக்கும்போது எழுந்து போவது முறையல்ல என்றார். பிடில் தொடங்கியது முதல் பெயர்கள் முடியும் வரை எவரும் கண் திறப்பதில்லை, எழுவதில்லை என்பது அன்றுமுதல் எங்கள் வகுப்பின் வழக்கமாயிற்று.

6. ஆய்வு அலுவலர் வந்தது பிடில் ஒலித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான். வாசலில் காலடி கேட்டது. அவரை மதியாததால் நாங்கள் அமர்ந்திருக்கவில்லை. எங்கோ இறந்துபோன, முகமறியாத ஒருவருக்கு மரியாதை செய்துகொண்டிருந்தோம். கண் திறந்தபோது அவர் போய்விட்டார்.

7. தற்போது என் வீட்டுக் கூடத்தில் ஆங்கிலச் செய்தித்தாளை உரக்க வாசித்துக் காட்டுகிறேன். நேற்று ஷோபனா, "நீங்க பேசுனா எல்லாமே புரியுது டீச்சர். அதான் பயமா இருக்கு" என்றார். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். பழக்கத்தில் எல்லோரும் கண்களை மூடிக்கொண்டோம். கொல்லைப்புற வாய்க்காலில் தண்ணீர் போகும் ஓசை வெகுநேரம் கேட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவருக்குத் தேர்வில் உதவாது.

8. எனவே ஷோபனாவின் தேர்வுக்கு முன் பழகிக்கொள்ள நாள் இருக்கும்போதே, சாவியையும் இணைப்பையும் திரும்பத் தர உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஐயமிருப்பின் தாங்களே ஒரு மாலை வந்து பார்வையிடலாம். வாசலருகே தங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். அவ்வேளை பிடில் ஒலித்துக்கொண்டிருந்தால் நாங்கள் எழ மாட்டோம். தாங்களும் அமர்ந்து, பெயர்கள் முடியும் வரை கண்களை மூடிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் அனைவரும் எழுந்து தங்களுக்கு வணக்கம் சொல்வோம்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
இ. கமருன்னிஸா
(ஒப்பம்)

இடம்: ஆலங்கரை
நாள்: 15.10.2012