கொதிநீரில் திறக்காத வால்வு

மகளே,

பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். சிறிய பாத்திரத்தில் இருப்பது தேநீருக்கான நீர் அன்று. அதனுள் கிடப்பது, நம் காருக்கு நான் வாங்கி வந்த தெர்மோஸ்டாட் வால்வு; சூடேறினால் தானே திறந்து என்ஜினைக் குளிர்விக்க நீரை விட வேண்டியது.

பழைய வால்வை நீ சோதித்தது போலவே இதையும் விடியலில் வண்டியிலிருந்து கழற்றிக் கொதிநீரில் இட்டுப் பார்த்தேன். நீர் தளதளவெனக் கொதித்தும் அது திறக்கவில்லை. நீ இதைப் பூட்டிய பின்பும் என்ஜின் சூடேறி நின்றது உன் கைப்பிழையால் அன்று. நீ பாகத்தின் எண்ணை எழுதித் தந்தாய். கடைக்காரர், "இதுவும் உங்க வண்டிக்கு உட்காரும் சார், விலை பாதிதான்" என்றார். நான் உன் சீட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அதை மறைத்து, நேற்றுச் சித்தப்பா முன்னிலையில், "பிரிக்கத் தெரிஞ்சவளுக்குப் பூட்டத் தெரியல" என்று உன்னை இகழ்ந்தேன். திறக்க வேண்டியது திறக்கவில்லை. மூடியிருக்க வேண்டிய என் வாய் திறந்துவிட்டது. இன்று பதிகம் பாட அவ்வாய் கூசிற்று.

என் சொல்லால் வெறுத்துப்போய் நேற்று நீ அழைத்த பழைய இரும்புக்காரர் பத்து மணிக்கு வண்டியை இழுத்துப்போக வருவார். சாவியை ஒளித்து வைக்க எண்ணினேன். அது இன்னொரு பிழையாகும். இக்கடிதத்தின் மேலேயே வைத்திருக்கிறேன். முடிவு உன்னுடையது.

உன் சீட்டோடு கடைக்குப் போகிறேன். எண் ஒத்தால் மட்டுமே வாங்குவேன்.

அப்பா

பி.கு.: சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். "என்கிட்ட எதுக்குண்ணா சொல்றே? அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றான். உன் அறை வாசல்வரை வந்தேன், தட்டாமல் திரும்பிவிட்டேன். கதவைத் தாழிடாதே. பத்து மணிக்கு முன் வந்து நேரிலும் சொல்வேன்.