ஒரு நம்பருக்கு இரண்டு கை

மேல் டிவிஷன் லயம்,
பிரிஞ்சாங்,
கேமரன் மலை.
16.11.1986

அன்புள்ள ருக்குமணி அக்காவுக்கு,

பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வணக்கத்துடன் எழுதுவது. கோலாலம்பூரில் நீங்களும் உங்கள் அம்மாவும் தம்பியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை சுகமாக இருக்கிறது. நாங்கள் அதற்கு நடுவில் இருக்கிறோம்.

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது. அம்மா அதைப் பிரித்து, தடவிப் பார்த்து, மறுபடியும் மடித்து வைத்துவிட்டார்கள். உடம்பு தேறியதும் கட்டுவார்களாம். உங்கள் வீட்டில் இப்போது வீரப்பன் அண்ணன் குடும்பம் இருக்கிறது. வாசலில் நீங்கள் நட்ட ரோஜாவை அவர்கள் வெட்டவில்லை. உங்கள் அம்மா வேலையை விட்டு, தோட்டத்துப் பேர்ப்பதிவு நம்பரைத் திருப்பிக் கொடுத்த அந்த மாதமே வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள் அல்லவா? அன்று லோரியில் உங்கள் கட்டில் ஏறியதை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். வெளியே வந்து சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நேரில் என்றால் இப்போதும் வராது. அதனால்தான் கடிதம்.

உங்கள் தம்பி பிறந்த சமயத்துப் பள்ளி விடுமுறை நினைவிருக்கிறதா, அக்கா? எனக்கு அப்போது ஏழு வயது. உங்கள் அம்மா எழுந்து நடமாடும்வரை அவர்கள் நம்பரில் நீங்கள்தான் கொழுந்து எடுத்தீர்கள். நான் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வருவேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி மாமா, “என்ன ருக்கு, நீ கூடையைத் தூக்குறியா, கூடை உன்னைத் தூக்குதா?” என்று கேட்டார். “மாறி மாறித் தூக்கிக்கிறோம்லா மாமா” என்றீர்கள். அந்த வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கீழே காய்கறித் தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கும் கேட்கும் அளவுக்குச் சிரித்தார்கள். நிறுவை முடிந்ததும் இரண்டு பேரும் பேக்டரியின் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போம். உள்ளே தேயிலை காயும் சூடு சுவர் வழியாக வரும். அந்தச் சுவர் இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் தனியாக நின்றால் ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்கிறார்கள்.

இப்போது கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. கொழுந்து வெட்டும் கத்தரி வந்துவிட்டது. கை காய்த்துப் போகிறது, ஆனால் கொழுந்து சீக்கிரம் நிறைகிறது. அம்மாவின் கத்தரி எனக்குக் கொஞ்சம் பெரியது. பழகிவிட்டேன்.

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஈப்போவிலிருந்து லிம் என்பவர் வந்து, நம் கொழுந்துக் கணக்குக்குத் தகுந்த மாதிரி அதற்கு வேலை சொல்லிக் கொடுத்தார். அது கம்பெனியின் விதிப்புத்தகப்படி நடக்கிறதா என்று பார்க்க, போன வாரம் தலைமை ஆபீசில் நீங்கள் வேலை பார்க்கும் பகுதியிலிருந்து சோதனைத் தாள்கள் ஒரு பெட்டியில் வந்தன. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு ஐயா என்னைக் கூப்பிட்டு, “மழைக்கு மலையில வேலை இல்லையே, வந்து தாளைப் படிச்சுச் சொல்லு புள்ள. என் கண்ணாடிக்கு வயசாயிடுச்சு” என்றார்.

நான் படிக்க, அவர் ஒரு விரலால் தட்டினார். ஒவ்வொரு தாளிலும் சோதனைக்காக உண்டாக்கிய, உலகத்தில் இல்லாத ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறாள். ஒருத்தி காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தே எடுக்கவில்லை. ஒருத்தி பாதி நாளில் வீட்டுக்குப் போகிறாள். கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் தாளின் கீழே எழுதியிருந்தது. இரண்டும் ஒத்துப்போனால் சரி என்று குறிக்க வேண்டும். எல்லாம் ஒத்துப்போனால்தான் நீங்கள் சான்றிதழ் தருவீர்களாம். இதையெல்லாம் உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான். எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துவிட்டது. அவர்களில் ஒருத்திக்கும் அம்மாவைப் போல இருமல் இல்லை.

ஒரே ஒரு தாள் ஒத்துப்போகவில்லை. அதில் ஒரே நம்பரில் திங்கள் ஓர் ஆள், செவ்வாய் வேறோர் ஆள் கொழுந்து போடுகிறாள். ஏற்கக் கூடாது என்று கீழே இருந்தது. நம் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. கிராணி ஐயா மறுபடியும் தட்டிப் பார்த்தார். மறுபடியும் ஏற்றுக்கொண்டது. லிம் சிரித்துக்கொண்டே, “அங்கிள், நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்” என்று மலாயில் சொன்னார். உண்மைதான். நம் தோட்டத்தில் ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி அவள் நம்பரில் கை கொடுப்பாள், நம்பரைத் தூங்க விட மாட்டோம் என்று ஐயாதான் சொல்லியிருக்கிறார். பெரட்டில் பேர் கூப்பிடுவது போல அதுவும் எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டார். “இப்படி ஒரு விதி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்லா” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அதைத் திருத்த அரை நாள் வேலைதான் என்கிறார் லிம். திருத்திவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் அப்புறம் அம்மாவின் நம்பரில் நான் கத்தரி பிடித்தால் கம்ப்யூட்டர் என்னைத் தள்ளிவிடும். மூன்று மாதம் நம்பர் தூங்கினால் பேரை அடித்துவிடுவார்கள், பேர் போனால் வீடும் போய்விடும். எனக்குத் தனி நம்பர் கேட்டால் கிடைக்குமாம், ஆனால் புது ஆட்களுக்கு இப்போது வீடு இல்லை. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டத்தில் தகரக் கொட்டகை இருக்கிறதாம். அம்மாவை அங்கே எப்படி இறக்குவது?

விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், தோட்டத்துக்கென்று தனி வழக்கம் இருந்தால் சான்றிதழுக்கு முன்பே எழுதிக் கொடுக்கலாம், அந்த வழக்கத்தை வைத்தே சோதிப்பார்கள் என்று போட்டிருக்கிறதாம். கிராணி ஐயா எழுதிவிட்டார், துரையும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அது இந்தச் சோதனைத் தாள்களோடு உங்கள் மேசைக்கு வரும். ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் போடவில்லை. ஒருத்திக்குப் பதிலாக இன்னொருத்தி எவ்வளவு காலம்வரை கை கொடுக்கலாம் என்பது அந்தக் கேள்வி. பிள்ளை பெற்றவள் எப்போது மலைக்கு வருவாள் என்று எல்லாருக்கும் தெரியும். கால் சுளுக்கினாலும் தெரியும். ஐயா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்கம்மா எப்ப மலைக்கு வருவாங்கன்னு டாக்டர் சொன்னாரு, பூங்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. மழை அடிக்கிற சத்தத்தில் காதில் விழாத மாதிரி நின்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

“நீ ருக்குவுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடேன், நம்ம பொண்ணுதானே” என்று மண்டோர் மாமா சொன்னார். அதற்காக இதை எழுதவில்லை. ஒத்துப்போகாததை ஒத்துப்போனதாக நீங்கள் எழுதினால் உங்கள் வேலைக்கு ஆபத்து. நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த நாற்காலிக்குப் போனீர்கள் என்று இந்த லயத்துக்கே தெரியும். அந்தக் காலி இடத்தில் நியாயமாக என்ன எழுதலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றுமே எழுத முடியாது என்றால் அதையும் எனக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். பெட்டி கட்டக் கொஞ்சம் நாள் வேண்டும்.

சாயங்காலம் நான் ஈரத்தோடு உள்ளே நுழைந்ததும் அம்மா முதலில் கேட்பது, “நம்பர் எழுதியாச்சா?” என்பதுதான். தன் நம்பரில் அன்றைய கொழுந்து ஏறிவிட்டதா என்று அர்த்தம். “எழுதியாச்சும்மா” என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் கஞ்சியில் வாய் வைப்பார்கள். உங்களிடமிருந்து என்ன பதில் வந்தாலும் நான் அப்படித்தான் சொல்வேன். நீங்கள் ஒரு தடவை மலைக்கு வந்து போங்கள், அக்கா. பெரிய ஆபீசில் இருக்கிற பிள்ளை என்று அம்மா உங்களிடமும் கட்டாயம் கேட்பார்கள். தாளில் எது சரியோ அதையே எழுதுங்கள். அம்மாவிடம் மட்டும் எழுதியாச்சு என்று சொல்லுங்கள்.

மழை விடட்டும் என்று காத்திருக்காமல் வாருங்கள்.

கடவுள் உங்கள் கையை நன்றாக வைத்திருக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
பூங்காவனம்