தோர்ன்லோ பிரபுவின் ஜின் குடுவை

1832 ஜூன் 11, திங்கள்

டெர்பிக்கு நடந்தே போய் நடந்தே வந்தேன். போக வர முப்பது மைல். சரி, பதினாறு. ஓட்டுரிமைச் சீர்திருத்த மசோதா நிறைவேறிய கொண்டாட்டம், ஊர்வலம், வாத்தியம். எனக்கும் ஓட்டு கிடையாது, பக்கத்தில் நின்றவனுக்கும் கிடையாது, ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினோம். எங்கள் பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர் தோர்ன்லோ பிரபு திறந்த வண்டியில் வந்தார். என் முன்னால் ஒரு ரொட்டிக்காரன், தலையில் அகலத் தட்டோடு. தட்டுக்கு மேலே தொப்பி நுனி ஒன்று மட்டும் தெரிந்தது. அது பிரபுவின் தொப்பிதானா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இந்த நோட்டில் மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் எது நடந்தது, எது நான் சொன்னது என்று எனக்கே பிடிபடாமல் போகிறது.

ஜூன் 12

மண்பாண்டப் பட்டறையில் எல்லாரும் பிரபுவைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பிரபு வண்டியை நிறுத்தி என் கையைக் குலுக்கினார் என்று சொன்னேன். என்ன செய்வது, முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

ஜூன் 14, வியாழன்

முதலாளி க்ளீவ்லி என்னைக் கூப்பிட்டார். கழுத்தில்லாத ஜாடிக்குக் கோட்டு போட்டது மாதிரி இருப்பார், பாவம். அடுத்த மாதம் 28ஆம் தேதி பிரபுவுக்கு டெர்பியில் விருந்து. மேஜைக்கு மேஜை ஜின் சாராயம் ஊற்றிய மண் குடுவை வைக்க வேண்டுமாம். பிரபுவே குடுவையாக, இடுப்புவரை உருவம், கையில் மசோதாச் சுருள், உச்சந்தலையில் தக்கை. லண்டன் பட்டறைகள் ராஜாவையும் மந்திரிகளையும் இப்படி விற்றுத் தீர்க்கின்றன. ஆனால் தோர்ன்லோ பிரபுவின் படம் இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.

"நீதான் கிட்டத்துல பாத்தவன்," என்றார். "ஆமோஸுக்கு அடையாளம் சொல்லு. குடுவை நல்லா வந்தா உருவம் செய்யற வேலை இனி அவனுக்குத்தான்."

ஆமோஸ் என் தங்கை கெசையாவின் புருஷன். இருபது வருஷமாகப் புட்டிக்குக் கைப்பிடி ஒட்டுகிறவன். அவன் விரலில் இருப்பது பட்டறையில் வேறு யாருக்கும் இல்லை. இது நான் ஊதிச் சொல்வது அல்ல. என் மனைவி இறந்து போன பிறகு ஒன்பது வருஷமாக அவன் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆகட்டும் ஐயா" என்றுதான் வாயில் வந்தது.

ஜூன் 19

இன்று முழுக்க ஆமோஸோடு. களிமண்ணைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"மச்சான், தாடை எப்படி?"

"கம்பீரமான தாடை."

"கம்பீரம்னா? அகலமா, கூரா?"

"இதோ, இப்படி." என் தாடையைத் தொட்டுக் காட்டினேன்.

"நெத்தி?"

"பெருசு. இதைவிடக் கொஞ்சம் பெருசு."

எப்படி நின்றார் என்று கேட்டான். சுருளுக்குப் பதில் ரொட்டி உருட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டினேன். கால் மரத்துப் போனது. அவன் என்னைப் பார்ப்பான், மண்ணைத் தொடுவான், என்னைப் பார்ப்பான். எனக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது.

ஜூன் 23

அச்சு எடுத்தாயிற்று. பிரமாதமான முகம். எங்கேயோ பார்த்த களை.

ஜூன் 28, வியாழன்

சூளை உச்சச் சூட்டில் நின்றபோது, பாண்டத்தில் மினுமினுப்பு ஏற உப்பு வீசினேன், அதுதான் என் வேலை. உப்பு வீசுவதில் இங்கிலாந்தில் எனக்கு மிஞ்சி ஆள் கிடையாது, டெர்பிஷயரிலாவது கிடையாது. வெள்ளைப் புகை சர்ச் கோபுரத்தை மறைத்தது. உள்ளே அறுபது பிரபுக்கள்.

ஜூலை 2, திங்கள்

சூளை திறந்தோம். தேன் நிறத்தில் மினுமினுப்பு, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கெசையா எங்களுக்கு ஓட்ஸ் ரொட்டி கொண்டுவந்தவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, உன் தலையில எதுக்கு ஓட்டை போட்டு வச்சிருக்காங்க?"

பிறகு ஆமோஸின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

எனக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கம் இல்லை, கையால் தடவித்தான் சவரம் செய்கிறேன். ஆனால் மற்றவர்களுக்குக் கண் இருந்தது. அச்சு அசல் நான். பிரபு பெயர் பொறித்த பட்டைக்கு மேலே ஓபெட் வீல்டன், அறுபது தடவை.

முதலாளி வந்தார். ஆமோஸைப் பார்த்துக் கத்தினார்: "விளையாட்டா? நாடாளுமன்றத்து மனுஷர் மேஜையில என் உப்புக்காரன் மூஞ்சியை வைக்கவா? என் பட்டறைய மூடப் பாக்குறியா? சனிக்கிழமையோட வேற இடம் பாத்துக்கோ!"

'மச்சான் சொன்ன அடையாளம்' என்று ஆமோஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தான்.

நான்? நானும் சும்மா நின்றேன். இத்தனை வாய் இருந்து என்ன!

ராத்திரிச் சாப்பாட்டில் பெரிய உருளைக்கிழங்கை எப்போதும்போல் என் தட்டில்தான் வைத்தான். எப்படி விழுங்குவது?

ஜூலை 5

இரண்டு நாளாக எழுதவில்லை. நோட்டு முதலாளியிடம் இருந்தது.

செவ்வாய்க் காலையில் அவர் கதவைத் தட்டினேன். "ஐயா, நான் பிரபுவைப் பார்க்கவே இல்லை. ஆமோஸ் மேல தப்பே கிடையாது."

அவர் நிமிரவில்லை. "ஓபெட், நீ சுறாவோட மல்லுக்கட்டின கதையும் இங்க எல்லாருக்கும் தெரியும். மச்சானைக் காப்பாத்த இன்னொரு கதையா? போய் வேலையைப் பாரு."

"இது கதை இல்லீங்க."

"அதையும் சுறாக் கதைக்கு முன்னாடி சொன்ன."

சுறாக் கதை சொன்ன நான் கடலே பார்த்ததில்லை, அது வேறு. ஆயுளில் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறேன், விலை போகவில்லை! வீட்டுக்கு ஓடினேன். நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் முன்னால் வைத்தேன். வைத்த பிறகுதான் ஜாடி ஞாபகம் வந்தது.

ஜூன் 11ஐப் படித்தார். ரொட்டிக்காரன் தட்டு வரை படித்தார். 12ஐப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார்.

"கழுத்தில்லாத ஜாடி யாரு?"

"ஐயா…"

"கோட்டு போட்டதுன்னு வேற எழுதியிருக்க."

பிறகு அவர் மீசை ஆடியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முழுக்கப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டை வைத்துக்கொண்டார். இன்றுதான் கொடுத்தார். ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை, மரியாதை தெரிந்தவர்.

தீர்ப்பு: ஆமோஸ் பிரபுவின் மாளிகைக்கே போய்ப் பார்த்து வரைந்துவர வேண்டும், கடிதம் முதலாளி தருவார். அறுபது குடுவையிலும் பிரபுவின் பெயரை மணலும் கல்லும் வைத்து நான் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தப் பெயரோடு என் முகம் ஊருக்குள் போகக் கூடாது, பெயர் போன குடுவைகளைச் சந்தைக்கு விற்றுவிடுவாராம்.

வீட்டில் ஆமோஸிடம், "அன்னிக்கே என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே" என்றேன்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன் மச்சான்," என்றான். "ஒரு நாள் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

ஜூலை 10

இருபத்திரண்டு தேய்த்தாயிற்று. கல்லைவிடக் கெட்டி. என் உப்பு அப்படி. விரல் தோல் போய்விட்டது. ஆமோஸ் மாளிகையிலிருந்து வந்துவிட்டான். பிரபு ஒல்லி, குட்டை, ஒரு புருவம் மேலே ஏறியிருக்கிறதாம். "தாடை?" என்றேன். "இல்லவே இல்லை," என்றான்.

ஜூலை 28, சனி

விருந்து. எனக்கு அழைப்பு இல்லை, அதனால் ஒன்றும் எழுதுவதற்கில்லை. புதுக் குடுவை நன்றாக வந்ததால் ஆமோஸுக்கு அழைப்பு, உருவம் செய்யும் வேலையும் இனி அவனுக்குத்தான். கெசையா அவன் கழுத்துப்பட்டையை மூன்று தடவை கட்டி அவிழ்த்தாள்.

ஆகஸ்ட் 18, சனி

ஆமோஸுக்கு உருவம் செய்யும் கருவிகள் வாங்க டெர்பி சந்தைக்குப் போனோம். பெட்டியை நான்தான் சுமந்தேன், சுமக்க விடு என்று கெஞ்சி வாங்கினேன். பானைக்காரியின் கடையில் வரிசையாக நாலு பேர் இருந்தார்கள். நாலும் நான்.

"இது யாரும்மா?" என்றேன்.

"யாரோ பாராளுமன்றத்துப் பெரிய மனுஷர். முகத்துல களை தெரியல?"

"அது நான்தான்."

"போய்யா! காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்ட!"

தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். சுருள் பிடிக்கிற மாதிரி நின்றும் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சிரித்தாள். அப்போது ஆமோஸ், யாரிடமும் வலியப் பேசாத ஆமோஸ், முன்னால் வந்தான்.

"அவருதாம்மா. நான்தான் செஞ்சேன். இதுவரைக்கும் நான் செஞ்சதுல நல்ல முகம் இதுதான்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே கடையிலயா குடிச்சீங்க?" என்றாள்.

ஆமோஸ் ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தான். எட்டு மைலும் அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். வீடு வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் யாரும் நம்பப் போவதில்லை.