சேவியர் வருகிற டிசம்பர்

நவம்பர் 30, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. நனைந்த செருப்போடு கோயிலுக்கு.

திருவருகைக் காலம் இன்று தொடக்கம். பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையம், நாலு மெழுகுதிரி. மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். வாரம் ஒன்றாக ஏற்றி, நாலும் எரியும்போது கிறிஸ்மஸ் பக்கத்தில் வந்துவிடும். இன்று முதல் ஊதா.

நற்செய்தி, அந்தத் திருடன் பகுதி. திருடன் எந்த நேரத்தில் வருவான் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்காரன் விழித்திருப்பான், ஆண்டவர் வருவதும் அப்படித்தான் என்று. ஃபாதர் வாசித்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்த மாதிரி. பிரமையாக இருக்கலாம்.

எங்கள் வீட்டுத் திருடன் வரும் நாள் எனக்குத் தெரியும். 18ஆம் தேதி. சிறையிலிருந்து போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள்.

பூசை முடிந்து எங்கள் அன்பியத்து ஜெபக் குழு ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். சூசை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேவியர் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்மா. நீ தைரியமா இரு." சரிங்கண்ணே என்றேன். ஆமென் என்றும் சொன்னேன்.

இங்கே மட்டும்தான் எழுத முடியும். அவன் வரவேண்டாம். இன்னும் கொஞ்ச காலம் உள்ளேயே இருக்கட்டும். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது.

டிசம்பர் 2, செவ்வாய்

வெயில். கடையில் நாள் முழுக்கத் திரைச்சீலை மடிப்புத் தையல். அலோர் காஜாவில் எல்லா வீட்டுக்கும் வருசக் கடைசியில்தான் ஜன்னல் கண்ணில் படும்போல. முதலாளி லிம் ஆன்ட்டிக்குப் பல்வலி, வாயைத் திறக்கவில்லை. நிம்மதி.

மதியம் மகள் ரீத்தா போன், சுங்கை ஊடாங்கிலிருந்து. மருமகனுக்கு எண்ணெய் ஆலையில் இந்த வாரம் இரவு வேலையாம்.

"அம்மா, சேவியர வீட்டுக்குள்ள விடாதீங்க. சிரம்பான் பக்கம் போதைய விடுறவங்களுக்கு ஒரு ஹோம் இருக்கு, நான் பேசிட்டேன். நேரா அங்க கொண்டுபோய் விட்டுடலாம்."

"அவன்கிட்ட கேக்க வேணாமா?"

"அவன் நம்மகிட்ட கேட்டா எடுத்தான்?"

அவன் அப்பா செத்து அடக்கம் முடிந்ததும் நான் கழற்றி அலமாரியில் வைத்த தாலி. ஒரு மாதம்கூட இருக்கவில்லை அங்கே. எந்தக் கடையில் விற்றான் என்பதுகூட அவனுக்கு ஞாபகமில்லை. போதையில் இருந்தான். அதே வாரம் பக்கத்து வீட்டுக் கமலாக்காவின் கேஸ் சிலிண்டர் தோம்பையும் தூக்கினான். பிறகு எங்கள் தாமான் குடியிருப்பின் முனையிலிருக்கும் மளிகைக் கடை. அங்கேதான் பிடிபட்டான்.

வாங்க வேண்டியது: உப்பு, சலவைத் தூள், முட்டை.

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டாவது திரி. வழியை ஆயத்தம் செய்யுங்கள் என்று பிரசங்கம். மேட்டைத் தகர்த்துப் பள்ளத்தை நிரப்பு என்கிறார் ஃபாதர். எங்கள் வீட்டு மேடு நடு அறையில் இருக்கிறது. சேவியரின் அறை. அவன் போனபிறகு வெட்டுத்துணி மூட்டை, உடைந்த மின்விசிறி, பழைய தையல் மிஷின் எல்லாம் அங்கே.

சாயந்தரம் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு மூட்டையைத் தூக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

டிசம்பர் 10, புதன்

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மீன் வாங்கும்போது, முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

"அந்த ஸ்டெல்லா மகன் வர்றானாம் லா."

"ஐயோ. நம்ம மோட்டார் சைக்கிள உள்ள ஏத்தி வைக்கணும்."

திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் வந்தது மட்டும் ஏன்.

மீனை வெட்டி வாங்க மறந்து முழுசாகக் கொண்டுவந்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

தூறல். ரோஜா நிறத் திரி. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று இதற்குப் பெயர். ஃபாதரும் ரோஜா நிற அங்கி. பிள்ளைகள் சிரித்தார்கள்.

இன்றைய வாசகத்தை இத்தனை வருசம் கேட்டிருக்கிறேன், காதில் விழுந்ததில்லை. திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். ஆண்டவர் வருகிறார் என்று ஊருக்கே சொன்ன மனுசன். அவருக்கே உள்ளே சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் காத்திருந்த ஆள் நீங்கள்தானா, இல்லை வேறு ஒருவருக்குக் காத்திருக்கவா என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

உள்ளே இருக்கிறவனும் காத்திருப்பான் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை? வருகிறவன் அவன், பயந்து உட்கார்ந்திருப்பவள் நான் என்றே இத்தனை நாளும். அவனும் சுவரைப் பார்த்துக்கொண்டு, அம்மா வருவாங்களா, மாட்டாங்களா என்று. ஈஸ்டருக்குப் பிறகு நான் போய்ப் பார்க்கவே இல்லை. கேட்டனுப்ப அவனுக்கு யார் இருக்கிறார்கள்.

மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து மூட்டைகளை வெளியே எடுத்தேன். மின்விசிறியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டும். கட்டிலுக்கடியில் அவனுடைய பள்ளிக்கூடக் காலுறை ஒன்று. துவைத்துப் போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது கமலாக்கா வாசலில் பெரிய கோலம்.

நானே பேச்சை எடுத்தேன். "அக்கா, சேவியர் வியாழக்கிழம வர்றான்."

"தெரியும். ஊரே பேசுது." கோல மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "எனக்கும் பயந்தான் ஸ்டெல்லா. பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கும்தான்க்கா."

முதல் தடவை வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் திடுக்கிடவில்லை. கோலத்தைக் காட்டினார்.

"விடியக் கோலம் போட்டா சாமி வாசல் வழியா வரும்னு எங்கம்மா சொல்லும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து போடுறேன். இதுவரைக்கும் வந்தது பேப்பர்காரன், குப்பை லோரி, அப்புறம் நீ." சிரித்தார். "அவனக் கூட்டிவர எதுல போகப்போற?"

"பஸ்லதான்."

"பஸ்ஸா? கார் சும்மாதான நிக்குது. நான் ஓட்டுறேன் வா லா."

டிசம்பர் 17, புதன்

ரீத்தாவிடம் சொல்லிவிட்டேன், வீட்டுக்குத்தான் கூட்டிவருகிறேன் என்று. கத்தினாள். "திரும்ப எதாவது ஆச்சுன்னா எங்கிட்ட அழாதீங்க." வைத்துவிட்டாள். அவள் சொல்வதில் தப்பில்லை. என் நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

கோழி வாங்கி வைத்திருக்கிறேன். அவனுக்கு மிளகுப் பிரட்டல் பிடிக்கும். இப்போதும் பிடிக்குமா.

டிசம்பர் 18, வியாழன்

கொட்டுகிற மழை. வழியில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவனை வெளியே விட்டுவிட்டார்கள்.

"அப்பவே போயிட்டார்" என்றார் காவலுக்கு நின்றவர். தன்மையாகத்தான் சொன்னார்.

எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம், டீக்கடை, எங்கும் இல்லை. கமலாக்கா குடையோடு தெரு முழுக்க நடந்து, "சேவி, சேவி" என்று கூப்பிட்டார். வீட்டுக்கு வந்திருப்பான் என்று திரும்பினோம். வரவில்லை.

கோழி சமைத்தேன். மூடி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 19, வெள்ளி

வரவில்லை. வேலைக்குப் போய், தப்புத் தப்பாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.

ரீத்தாவுக்குச் சொன்னேன். நான் சொன்னேன்ல என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "சாப்டீங்களாம்மா?" என்றாள்.

டிசம்பர் 20, சனி

இல்லை.

வரவேண்டாம் என்று எழுதினேனே, அதே கை இது. இப்போது கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்திருக்கிறது உடம்பு. பூனை. தபால். பக்கத்து வீட்டு வண்டி. இருபது வருசமாகத் திருவருகைக் காலத்துக்குத் திரி ஏற்றுகிறேன். காத்திருப்பது என்றால் அமைதியாக, கைகூப்பி உட்கார்ந்திருப்பது என்று நினைத்திருந்தேன். இப்படிக் கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பது என்று யாரும் சொன்னதில்லை. மாதாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆண்டவரே, அவன் எப்படி வந்தாலும் சரி. போதையில் வந்தாலும் சரி. வரட்டும்.

சூசை அண்ணனும் இன்னும் இருவரும் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். இந்த முறை ஆமென் நெஞ்சிலிருந்து வந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

நாலாவது திரி. எரிந்ததா என்றே பார்க்கவில்லை.

மதியம் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தலைக்குச் சாயம் பூசினேன். கிறிஸ்மஸுக்கு என்று வாங்கி வைத்தது. தலையில் பிளாஸ்டிக் உறை, தோளில் பழைய துண்டு. அப்போது கமலாக்காவின் குரல், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஸ்டெல்லா! ஓடி வா! சீக்கிரம்!"

அப்படியே ஓடினேன்.

அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் சேவியர். மொட்டை. கன்னம் உள்ளே போய், காலடியில் ஒரு பை. கையில் மீஹூன் சேமியாத் தட்டு. கமலாக்கா எதிரே நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என்னப் பாத்து ஏண்டா ஓடுன? நான் என்ன போலீஸா?"

"கார் வர்றத பாத்தேன் பெரியம்மா." தட்டைப் பார்த்தே பேசினான். "கேஸ் தோம்பு ஞாபகம் வந்துருச்சு. கடைக்குப் பின்னால ஒளிஞ்சிட்டேன். நீங்க மழையில கூப்பிட்டதும் கேட்டுச்சு. வரமுடியல."

இந்த மூன்று நாளும் பெம்பானில், சிறையில் கூட இருந்த ஒருவனுடைய மாமா வீட்டில் தங்கியிருக்கிறான். அவருடைய கீரைத் தோட்டத்தில் களை பிடுங்கியிருக்கிறான். இன்று பஸ் ஏறி வந்தவன், எங்கள் கேட்டைத் தாண்டி முதலில் கமலாக்கா வீட்டுக்குப் போயிருக்கிறான். மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்புறம்தான் அம்மாவிடம் போக வேண்டும் என்று.

"கேட்டான் ஸ்டெல்லா. கால்ல விழப் பாத்தான். பசிக்குதான்னு கேட்டேன், ஆமான்னான். வேற என்ன செய்ய?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னம்மா தலையில?"

அழ நினைத்தேன். சாயம் நெற்றியில் வழிந்து கண் எரிந்தது. அழுதேனா, எரிச்சலா, தெரியவில்லை. அவன் எழுந்து, என் தோளில் கிடந்த துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தான். அவன் கண்ணைப் பார்த்தேன். போதை இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ரீத்தாவுக்குச் சொன்னேன். "சரிம்மா" என்றாள். பிறகு, "குடுங்க அவன்கிட்ட." என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவன் "ம்", "ம்" என்று மட்டும்.

டிசம்பர் 22, திங்கள்

மழை விட்டிருக்கிறது. மதியம், கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்போது, நன்றாகத் தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் நடந்தேன். எழுந்துதான் இருந்தான்.

"அம்மா, வெளிய பூட்டிட்டுப் போங்க."

"ஏன்?"

"தனியா இருந்தா பழைய பயலுவளுக்குப் போன் பண்ணிருவனோன்னு இருக்கு. பூட்டிட்டுப் போங்கம்மா."

சாவி கையில். பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவனே கேட்கிறான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு லிம் ஆன்ட்டிக்குப் போன் பண்ணி, மகனையும் கூட்டிவரலாமா என்று கேட்டேன். எங்கிருந்து வந்திருக்கிறான் என்பதையும் சொன்னேன்.

"பாவா லா" என்றார், கூட்டிக்கொண்டு வா என்று. "உயரமா? ஏணி ஏறுவானா?"

ஏறுவான் என்றேன்.

இப்போது கடை முன்பக்கம், கண்ணாடி ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருக்கிறான். ஆன்ட்டி அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும்தான். பார்க்கத்தான் செய்வோம், கொஞ்ச காலத்துக்கு.

"அம்மா, நேரா இருக்கா?"

இல்லை. இடது பக்கம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் ஏற்று என்றேன். ஏற்றினான்.

இன்னும் கொஞ்சம்.