போனுக்குள் ஆடிய அலை

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் நபோசா மண்டியிட்டு வணங்கி எழுதுகிறேன். மூட்டுவலி குறைந்ததா? கம்பாலாவில் நான் நலம்.

நம் தீவுப் படகுக்கு நான் செய்த இணையதளத்தை முதலாளி மெச்சினார். திறந்ததும் ஏரி அலையடிக்கும், கொக்குகள் பறக்கும். பிறகுதான் படகு நேரம் வரும். தீவில் சிக்னல் எவ்வளவு மோசமென்று தெரிந்த நானே அதை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை நம் தீவுக் கரையிலிருந்து ஒரு வயதான அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, போனுக்குள்ள தண்ணி ஆடிக்கிட்டே கெடக்கு. தண்ணிதான் எங்க கண்ணு முன்னாலயே இருக்கே! படகு எப்ப?"

உங்கள் குரலேதான். உங்கள் முன்னால் செய்வதுபோலவே, என்னை அறியாமல் மேசையருகே மண்டியிட்டு நேரத்தைச் சொன்னேன்.

"போனுக்குமா முட்டி போடுவ?" என்று முதலாளி சிரித்தார்.

ஆனால் படகு போய்விட்டிருந்தது. காய்ச்சல்கார மகளோடு அவர் மறுநாள்தான் ஆஸ்பத்திரி போனாராம். மகள் தேறிவிட்டாள், கவலைப்படாதீர்கள். அதைக் கேட்ட அன்றே அலையை எடுத்துவிட்டேன். முதலாளிக்கு முகம் சுருங்கியது. இப்போது திறந்தவுடன் நேரம்தான்.

யாராவது வந்தால் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்குவதில் ஏரி மணமே இல்லை. அந்த இணையதளத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். நேரம் உடனே தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். தெரிந்தாலும் கூப்பிடுங்கள்.

முதலாளி அழைக்கிறார்,
நபோசா